நிலவேம்பு அண்டா வைக்கும் நற்பணி மன்றத் தம்பிகளுக்கு

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் மழை விட்டதும் தெருமுனையில் மேசை போட்டு நிலவேம்புக் குடிநீர் ஊற்றும் தம்பிகளுக்கு, வணக்கம்.

2012-ல் டெங்கு பரவியபோது அரசே இதைக் கொடுத்தது. அதிலிருந்து இந்த அண்டா நமக்குப் பழகிவிட்டது. உங்கள் மனசில் குறையில்லை, அண்டாவுக்குள்தான் குறை. 100 கிராம் சூரணப் பாக்கெட் ஒன்றை 20 லிட்டர் தண்ணீரில் கொட்டி, ஒரு கொதி வந்ததும் இறக்கினால் கிடைப்பது நிறம் மாறிய வெந்நீர்.

ஓர் ஆளுக்கு 5 கிராம் சூரணம், 200 மில்லி தண்ணீர். அது 50 மில்லியாகச் சுண்ட வேண்டும். அந்த 100 கிராம் பாக்கெட் 20 பேருக்குத்தான் காணும். 100 பேருக்கு என்றால் அரை கிலோ சூரணம், 20 லிட்டர் தண்ணீர். கடைசியில் நிற்பது 5 லிட்டர்.

கண் மதிப்பில் இறக்காதீர்கள். முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, கழுவிய குச்சி ஒன்றை நட்டமாக விட்டு, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். பிறகு மீதி 15 லிட்டரையும் சூரணத்தையும் சேர்த்து அடுப்பேற்றுங்கள். கீறலுக்கு இறங்கினால் பதம். மூடி வேண்டாம், மூடினால் வற்றாது. தீயைத் தூக்கி விட்டால் சூரணம் அடிபிடித்துக் கருகும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, எட்டு மணிக்கு வரிசை என்றால் ஐந்தரைக்கே அடுப்பு எரிய வேண்டும். சூரணம் நிறைய நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வெள்ளைத் துணியில் வடித்து முறுக்கிப் பிழியுங்கள். அலுமினிய அண்டா வேண்டாம், எவர்சில்வர் போதும்.

நாட்டு மருந்துக் கடைகள் உள்ள ராசப்ப செட்டித் தெருவில் வாங்கினாலும் சரி, பக்கத்துக் கடையில் வாங்கினாலும் சரி, பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பதும் இருக்க வேண்டும். வெறும் நிலவேம்புப் பொடி வேறு, குடிநீர்ச் சூரணம் வேறு. ஒன்றிரண்டாக இடித்ததாக இருக்கட்டும்; மாவாக அரைத்தது வடியாது, சேறுதான் வரும். கட்டி தட்டியிருந்தாலோ பூசண வாடை அடித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வடித்த மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காலையில் மிஞ்சியதைச் சாயங்காலம் சூடாக்கி ஊற்றுவதைவிடச் சாக்கடையில் ஊற்றலாம்.

வரிசையில் வரும் எல்லோருக்கும் நீட்டவும் கூடாது. நிலவேம்பு சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தெருமுனையில் கொடுக்கவே வேண்டாம். வயிற்றுப்புண் உள்ளவருக்கு மிளகும் சுக்கும் எரிச்சல் தரும். கசக்கிறதென்று அண்டா முழுக்கச் சர்க்கரை கொட்டுவது சர்க்கரைக்காரருக்குச் செய்யும் கெடுதல்.

பேனரில் 'டெங்கு வராது' என்று போடாதீர்கள். ஒரு டம்ளர் குடித்தவரைக் கொசு விட்டுவிடாது. அந்த இடத்தில் இதைப் போடுங்கள்: காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் டெங்கு முற்றும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசத்தும் சோர்வு, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் கஷாயத்தை வைத்துவிட்டு ஸ்டான்லிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஓட வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

இன்னொன்று. நம் தெருக்களில் லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது. டெங்கு கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் வீடு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் கரும்புள்ளி போல முட்டை ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த லாரித் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். அதனால் வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

அண்டா சுண்டும் அந்த இரண்டு மணி நேரம் அடுப்படியில் இரண்டு பேர் போதும். மற்றவர்கள் நாரோடு வீடு வீடாகப் போங்கள். வயசான அம்மாக்களால் டிரம்மைச் சாய்க்க முடியாது, அவர்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.