தரம் 4ஐக் கீழே இறக்குங்கள்: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நடந்தது உங்கள் மேசைக்கு வந்திருக்கும். சக்கர நாற்காலியில் வரும் பையனைக் கூட்டாளிமார் மேல் கட்டடத்திலுள்ள தரம் 4 வகுப்புக்குப் படியேற்றும்போது வழுக்கினார்கள். மறுநாளே, "எந்த மாணவரும் நாற்காலியைத் தொடக்கூடாது" என்று அறிவித்தல் ஒட்டியாயிற்று.

படியில் பிள்ளைகள் தூக்கக்கூடாது என்பது சரிதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கைக்கு எட்டுவது கால்தாங்கி. அது கழற்றிப் பூட்டுகிற பாகம்; பாரத்தோடு தூக்கினால் கையோடு வந்துவிடும். நாற்காலியைத் திருப்பிப் பெரிய சக்கரத்தைப் படியில் ஒட்டவைத்து, பின்னால் ஒருவர் கைப்பிடியையும் முன்னால் ஒருவர் சட்டத்தையும் பிடித்து ஒவ்வொரு படியாக இழுக்கவேண்டும். அது பெரியவர்கள் வேலை.

ஆனால் சமதரையில் தள்ளுவதையும் ஏன் தடுத்தீர்கள்? நின்றால் இரண்டு பக்கமும் பிரேக், இறக்கத்தில் பின்பக்கமாக, சரளையில் முன்சக்கரம் புதைந்தால் திருப்பி இழு. அரை மணித்தியாலத்தில் பழகிவிடுவார்கள்.

இப்போது அம்மா அவனை முதுகில் சுமந்து மேலே விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஓடுகிறார்; பிந்தினால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். மைதானமும் மலசலகூடமும் கீழே. இடைவேளை மணி அடித்தால் வகுப்பு இறங்கி ஓடுகிறது, அவன் ஜன்னலோரம். தூக்கிப்போகச் சொல்லி ஆசிரியரைக் கேட்க வெட்கம். ஆகவே 7.30இலிருந்து 1.30 வரை தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் நிரப்பிய போத்தல் அப்படியே லயத்து வீட்டுக்குத் திரும்புகிறது.

14 படி, படிக்கு 6 அங்குலம்: 7 அடி உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 84 அடி சரிவுப்பாதை வேண்டும். 28 அடியாக மூன்று துண்டு, இடையே 5 அடி மேடை, கைப்பிடிக் கம்பி. சீமெந்தை வழவழப்பாக்காமல் ஈரத்தோடு விளக்குமாற்றால் கோடிழுக்கவேண்டும், இல்லாவிட்டால் மழைக்குப் பாசிதான். இதற்குக் காசு வேண்டும், தெரியும். தரம் 4ஐக் கீழ்க் கட்டடத்துக்கு மாற்றக் காசு வேண்டாம். ஒரு சனிக்கிழமை போதும். கதவு 32 அங்குலம் திறந்தால் சரி. வாசற்படி 2 அங்குலம். அதற்கு 2 அடிப் பலகைச் சரிவு.

விசேட கல்வி அலகுள்ள நகரப் பாடசாலைக்கு அனுப்பலாம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாம். அவனுக்குக் கால்தான் நடக்காது, கணக்கு நன்றாக நடக்கும். அனுப்புவதென்றால் கூட்டாளிமாரையும் சேர்த்து இடமாற்றம் தருவீர்களா? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இன் அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் உங்கள் அலுமாரியிலும் இருக்கும். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் தொப்பி, கேக், படம். அன்று நாற்காலியைத் தள்ளப் பெரியவர்களே போட்டி போடுவார்கள்.

மன்னிக்கவும், மடல் வேறு பக்கம் போகிறது. தயவுசெய்து அடுத்த தவணைக்கு முன் தரம் 4ஐக் கீழே இறக்குங்கள். அறிவித்தலில் "படிகளில்" என்ற ஒரு சொல்லைச் சேருங்கள். பலகையை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
பெற்றோரும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு வேலை செய்வோரும்,
மலையகம்