ஆணியில் தொங்கும் தராசுக்கோல்

ராயபுரம்,
சென்னை – 13

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறும்போது படிக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறாள். இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது என்பதால், காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சும்மா நிற்கின்றன. நாட்டுப்படகில் வருகிற கொஞ்சம் மீனுக்கு யானை விலை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது அரை கிலோ சங்கராவுக்கு விலை கேட்டுவிட்டு, முட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதாய். நான் "ஜெபம் பண்ணிக்கொள்கிறேன்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே அது பிடிக்கவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் எதாவது கேட்பாய், நானும் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, பார். மருந்து வைக்கிற அறையின் வெப்பநிலையை தினமும் குறிக்க வேண்டும். மூன்று நாள் யாரும் குறிக்கவில்லை. இப்போது ஆடிட் வருகிறது. அந்த மூன்று நாளுக்கும் எண்களை நீயே போட்டு, பழைய தேதியில் கையெழுத்தும் போடச் சொல்கிறார் உன் மேலதிகாரி. "எல்லாரும் செய்வதுதான்" என்கிறார். போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நீயாகப் புரிந்துகொண்டாய். இரண்டு வாரமாக உபவாசம் இருந்து தேவசித்தம் என்ன என்று கேட்கிறாய். புது வருஷ ஆராதனையில் எடுத்த, வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையில் "பயப்படாதே" என்று வந்திருந்தது. "அப்பா, பயப்படாமல் கையெழுத்துப் போடு என்று எடுத்துக்கொள்வதா, பயப்படாமல் மறுத்துவிடு என்று எடுத்துக்கொள்வதா?" என்று கேட்டாய்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வயிற்றில் ஏதோ பிசைந்தது. ஏனென்றால், இதே மாதிரி நானும் நாலு மாதம் கேட்டிருக்கிறேன்.

கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் இரும்புத் தராசுக்கோல் ஒன்று தொங்குமே, நினைவிருக்கிறதா? தட்டு இல்லாமல், வெறும் கோல். நீ ஏழாவது படிக்கும்போது அதில்தான் பள்ளிக்கூடப் பையை மாட்டுவாய். "இதை ஏன்பா விற்காமல் வைத்திருக்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டாய். "பழசு, யார் வாங்குவார்கள்" என்றேன். அது பொய். அது விற்கவே கூடாத கோல்.

1998-ம் வருஷம் ஜூன் மாதம். உன்னை ஆறாவதில் சேர்க்க 1,400 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. கல்மண்டபத்தில் என் தராசு ரிப்பேர் கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எலக்ட்ரானிக் தராசு மெல்ல மெல்ல வர ஆரம்பித்திருந்த நேரம். அந்தச் சமயத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். அவருடைய தராசை நான்தான் சரிபார்த்து, முத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன். அடுத்த வாரமே அதைத் திரும்பக் கொண்டுவந்து, "கொஞ்சம் நமக்குச் சாதகமாக" என்றார். 500 ரூபாயை மேஜைமேல் வைத்தார்.

நீ படித்தவள், உனக்குச் சீக்கிரம் புரியும். தராசுக்கோலின் நடுவில் கத்தி முனை போல ஓர் இரும்பு இருக்கும். கோல் முழுக்க அதன்மேல்தான் ஆடும். அந்தக் கோல் 40 சென்டிமீட்டர், நடுவிலிருந்து இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20. நடுக்கத்தியை 2 மில்லிமீட்டர் தள்ளிவைத்தால் ஒரு பக்கம் 19.8, இன்னொரு பக்கம் 20.2 ஆகிவிடும். பிறகு தட்டின் கனத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் போதும், வெறுந்தட்டில் முள் நேராக நிற்கும். பார்க்கிறவனுக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆனால் ஒரு கிலோ கல்லைப் போட்டு நிறுத்தால், எதிர்த்தட்டில் விழுவது 980 கிராம்தான். கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒழிய குட்டு வெளிப்படாது. மளிகைக்கடையில் எவன் தட்டு மாற்றிப் போடச் சொல்வான்?

அரைநாள் வேலை. அரம், சுத்தியல், கொஞ்சம் ஈயம். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செய்தேன். ஒரு நாளைக்கு அந்தத் தராசில் 50 கிலோ நிறுத்தால் ஒரு கிலோ கடைக்காரருக்கு மிச்சம், ஜனங்களுக்கு நஷ்டம். கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அந்தக் கடையில் யார் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தது தெரியுமா? உன் அம்மா. அந்தக் கடைக்காரர்தான் நமக்குக் கடன் கொடுப்பார். ஏழு மாதம் கழித்து, ஜனவரியில், ஒரு கிலோ துவரம்பருப்பை அவள் வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். என் தராசில் எடுத்து வைத்தேன். முள் சாய்ந்தது. 20 கிராம் கல் ஒன்றை எடுத்துப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நேராக நின்றது. என் கைவேலை அவ்வளவு சுத்தம்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்கிறாய்? ஜெபம் பண்ணினேன். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம். சபைப் போதகர் ஐயரிடம் போய், "ஒரு காரியத்துக்காக ஜெபியுங்கள்" என்றேன். "என்ன காரியம்?" என்று கேட்டார். "தொழில் காரியம்" என்றேன். பாவம், அவர் என் தொழில் விருத்திக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்தார். ஆண்டவரே, நான் போய் கடைக்காரரிடம் சொல்ல வேண்டுமா, எனக்கு ஓர் அடையாளம் காட்டும் என்று நாலு மாதம் கேட்டேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று வேதத்தில், நீதிமொழிகளில், ஆண்டவர் ஏற்கெனவே அச்சடித்தே கொடுத்துவிட்டார். தராசு ரிப்பேர்காரனுக்கு இதைவிட நேரடியாக வசனம் இருக்க முடியுமா, சொல். எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்திருப்பாய், அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி, அந்த ஈயத்தில்தான் அரசாங்க முத்திரையைக் குத்துவார்கள், வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணும் காலாண்டுக்கு ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும். வருஷக்கணக்காக அந்த முத்திரையைப் பார்த்தே பிழைத்தவன் நான். "சுமுத்திரை" என்ற வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

வேதத்தில் கிதியோன் யுத்தத்துக்குப் போகுமுன் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டான் என்று நீ சொன்னாய். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அந்த அதிகாரத்தை இன்னொரு தடவை வாசித்துப் பார். "தேவரீர் சொன்னபடி" என்றுதான் அவன் ஆரம்பிக்கிறான். சொன்னது அவனுக்குத் தெரியும். தெரிந்தபிறகும் கை நடுங்குகிறது, அதனால் தோல். ஆண்டவர் பொறுத்துக்கொண்டார், அது அவருடைய தயவு. கல்யாணத்துக்கு எந்த மாப்பிள்ளை, எந்த ஊரில் வேலை என்றால் காத்திரு, கேள், பெரியவர்களோடு பேசு. பொய்க் கணக்கு எழுதலாமா என்பதை எதற்கு இரண்டு வாரம் கேட்க வேண்டும்?

சரி, என்னை யார் கிளப்பிவிட்டது என்று சொல்கிறேன். தேவதூதன் வரவில்லை. காசிமேட்டிலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருத்தி வந்தாள். தலையில் காலிக்கூடை, கையில் தராசு. "அல்லாருக்கும் கம்மியா போட்டுனு இருக்கேனான்னு ஒரு டவுட்டா கீது நைனா, பாத்து சொல்லு" என்றாள். தட்டு மாற்றிப் போட்டுக் காட்டினேன். அவள் தராசு சரியாகத்தான் இருந்தது, சங்கிலியில் ஒரு வளையம் மட்டும் தேய்ந்திருந்தது. அதற்காக அன்றைக்கு அரைநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் சபைக்குப் போகிறவளா என்றுகூட எனக்குத் தெரியாது. உபவாசம் இருந்துவிட்டு வந்த மாதிரியும் இல்லை. சந்தேகம் வந்தது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே மளிகைக்கடைக்குப் போனேன். கையில் ஒரு புதுத் தராசு, என் செலவில். "பழசைக் கொடுத்துவிடுங்கள், நான் செய்தது தப்பு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேதத்தில் வரி வசூலித்த சகேயு கதையில் வருவது போல நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை. யார் யாருக்குக் குறைந்தது என்று எப்படித் தெரியும்? அந்த 500 ரூபாயை மட்டும் இரண்டு தவணையில் திருப்பினேன். கோலைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன்.

இதற்கு மேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். சபையில் சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தில், "அடுத்த வாரமே கர்த்தர் இரட்டிப்பாக ஆசீர்வதித்தார்" என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கடைக்காரர் அதற்கப்புறம் வேலையே கொடுக்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு இன்னும் மூன்று கடை போயிற்று. கடன் நின்றது. அடுத்த ஜூனில் உன் பீஸுக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது, மீட்க 14 மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வேப்பங்குச்சியைக் காதில் போட்டுக்கொண்டு வருவாள், முந்தானையை இழுத்து மறைத்துக்கொள்வாள். எலக்ட்ரானிக் தராசு வந்தபின் கடையும் போயிற்று. கீழ்ப்படிந்தால் காசு வரும் என்று உனக்கு நான் சொல்லித்தர மாட்டேன்.

நம் ராயபுரம் என்ற பேரே ராயப்பர் பேரில் வந்தது என்பார்கள். பேதுருவைத்தான் கத்தோலிக்கர் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பேதுரு ராத்திரி பூராவும் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காமல், கரையில் வலையை அலசிக்கொண்டிருக்கிறார். அலசிய வலை, பாப்பா. காசிமேட்டில் யாரிடமாவது போய், அலசி முடித்த வலையைப் பட்டப்பகலில் மறுபடி போடு என்று சொல்லிப் பார், நல்ல வார்த்தையாகவே கேட்பாய். இயேசு அப்படிச் சொன்னபோது பேதுருவும் முதலில் முணுமுணுக்கத்தான் செய்கிறார். அப்புறம் ஒரு வார்த்தை: "ஆகிலும்". பிரசங்கத்தில் எல்லாரும் கிழிந்துபோகிற அளவுக்கு நிறைந்த வலையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த "ஆகிலும்" மேல்தான் கண். அதைச் சொல்லும்போது படகில் ஒரு மீன்கூட இல்லை. ராஜாவின் சிலையை வணங்காததால் எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற அந்த மூன்று பேர் சொன்ன "விடுவிக்காமற்போனாலும்" இன்னும் கனமான வார்த்தை. அதை நான் சத்தமாக வாசித்ததே குறைவு.

உன்னுடைய விஷயத்துக்கு வருகிறேன். அந்த மேலதிகாரியிடம் சண்டை போடாதே, வேதவசனம் எடுத்து வீசாதே, ராஜினாமாக் கடிதமும் எழுதாதே. குறிக்காமல் விட்டதை விட்டதாகவே எழுத ஒரு படிவம் இருக்கிறது, "டீவியேஷன்" என்று இன்றைய தேதி போட்டு எழுதுவோம் என்று போன வருஷம் நீயே எனக்குப் பெருமையாக விளக்கினாய். அதை எழுது. "சார், நான் இதை இப்படித்தான் எழுத முடியும்" என்று மரியாதையாகச் சொல், ஒரே தடவை. பயமாகத்தான் இருக்கும். நான் மளிகைக்கடைப் படி ஏறும்போது எனக்கும் கால் நடுங்கியது. நடுக்கம் நின்ற பிறகு போகலாம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் கல்மண்டபத்திலேயேதான் நின்றிருப்பேன்.

ஒருவேளை நீ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால், அதையும் என்னிடம் சொல். நானும் போட்டவன்தான். திரும்பிப் போய்ச் சொல்ல எத்தனை மாதம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். போஸ்ட் ஆபீஸில் கொஞ்சம் இருக்கிறது, உன் வீட்டு லோன் மூன்று மாதத்துக்கு வரும். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "இன்னும் எத்தனை கம்மல் இருக்கிறது என் காதில், ரெண்டுதானே, போனால் போகட்டும்" என்கிறாள். கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் நிஜமாகவே கழற்றித் தருவாள்.

பக்கத்து வீட்டுப் பையன் செவ்வாய்க்கிழமை ரயிலில் ஹைதராபாத் வருகிறான். நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புகிறோம், மூன்று சுற்று பிளாஸ்டிக் கவர் போட்டு. அவன் கேட்டால் அப்பளம் என்று சொல் என்கிறாள் அம்மா. நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, கருவாடு என்றே சொல்லிவிடப் போகிறேன். வாங்க மாட்டேன் என்றால் தபாலில் வரும்.

திங்கட்கிழமை ஆபீஸில் பேசிவிட்டு அப்புறம் எனக்குப் போன் பண்ணு. பேசுவதற்கு முன்னால் பண்ணாதே.

அன்புடன்,
அப்பா