முந்திரிக்கொத்தும் நட்சத்திரமும்: மகனுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
நவம்பர் 18.

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். டொராண்டோவில் நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நம்ம வீட்டுக் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், என்னென்ன செய்யணும் என்று எழுதுங்கள் என்றாய். எழுதினால் முறுக்கு, அதிரசம், அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, கேக், குடில், நட்சத்திரம், கேரல் என்று நீண்டுகொண்டே போகும். அத்தனையும் ஒரு பிளாட்டுக்குள் ஆகிற காரியம் இல்லை. ஆக்கப் பார்த்தால் பண்டிகையன்று கோயிலில் உட்கார்ந்து தூங்கிவிழுவாய். சின்னப் பிள்ளைகள் கைவைத்துச் செய்யக்கூடிய வேலை இரண்டுதான்: கொத்து உருட்டுவதும் நட்சத்திரம் கட்டுவதும். அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய். கேக்கைக் கடையில் வாங்கு. இங்கேயும் பாதி வீட்டில் பேக்கரிக் கேக்குதான்.

முதலில் முந்திரிக்கொத்து, அதாவது மூன்று பயறு உருண்டையை ஒன்றாக மாவில் முக்கிச் சுடுகிற நம்ம பலகாரம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரச் சனிக்கிழமை வைத்துக்கொள். முழுப் பாசிப்பயறு அரை கிலோ எடுத்து, கல், தூசி பார்த்து, அடி கனத்த சட்டியில் சின்னத் தீயில் வறு. பச்சை நிறம் மங்கி, அங்கங்கே சிவந்து, வாசம் எழும்ப வேண்டும். கால் மணி நேரமாவது ஆகும். தீயைக் கூட்டினால் தொலி கருகும், உள்ளே பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சை வாடை பாகில் போட்டாலும் போகாது. வறுத்ததை நன்றாக ஆறவிட்டு, ரவைப் பதத்துக்கு அரை. சூட்டோடு அரைத்தால் வியர்த்துக் கட்டி விழும். நைசாக அரைத்தால் தின்னும்போது மேலண்ணத்தில் ஒட்டும்.

ஒரு தேங்காயைத் துருவி, எண்ணெய் விடாமல் வறுக்க வேண்டும். ‘மணம் வந்துவிட்டது’ என்று இறக்கிவிடாதே; கையில் எடுத்தால் உதிர வேண்டும், ஈரம் துளியும் தெரியக் கூடாது. கொத்து கெட்டுப்போகிற வீடுகளில் பெரும்பாலும் காரணம் இந்தத் தேங்காய்தான். ஐந்தாம் நாளே உள்ளுக்குள் பூசணம் பிடித்திருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. எள்ளு 50 கிராம், வெடிக்கிற வரை வறுத்துக்கொள். ஏலக்காய் பத்து, சுக்குப் பொடி அரை ஸ்பூன்.

கருப்பட்டி 400 கிராம். உடன்குடிக் கருப்பட்டி பார்சலில் வருகிறது. உடைத்தால் உள்ளே மங்கலாக இருக்கிறதா என்று பார். சீனிப் பரல் மாதிரி மினுக்கினால் கலப்படம். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், காய்ச்சுகிற இடத்து மண்ணும் கொஞ்சம் சேரும். ஆகவே ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிய பிறகுதான் பாகு காய்ச்சணும். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு கம்பி இழுத்தால் போதும். அதற்கு முன்னால் இறக்கினால் உருண்டை எண்ணெயில் பிரியும். அதிரசத்துக்குப் போல உருட்டுப் பதம் வரை விட்டால் மறுநாள் பல்லைப் பதம் பார்க்கும்.

பயறு மாவு, தேங்காய், எள்ளு, ஏலம், சுக்கு எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்து, பாகை ஊற்றிக் கிளறு. ஒரு கரண்டிப் பாகை மிச்சம் பிடித்து வை. மாவு ஒரே மாதிரி குடிக்காது. போதாவிட்டால் சேர்க்கலாம், கூடிப்போனால் எடுக்க வழியில்லை. கை பொறுக்கிற சூட்டில் உருட்ட வேண்டும். உங்கள் ஊர்க் குளிரில் கல் மேடையில் வைத்தால் பாகு சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டிமேல் வைத்துக்கொள். சின்ன எலுமிச்சை அளவுக்கு உருட்டினால் சுமார் 60 உருண்டை வரும், அதாவது 20 கொத்து. பிள்ளைகள் கோலிக்குண்டு அளவில் உருட்டினாலும் விடு, அதையும் மூன்று மூன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே சுளகில் பரத்தி ராத்திரி முழுவதும் விட்டுவிடுவோம். அங்கே ஹீட்டர் காற்றில் அப்படி விட்டால் வெடிப்பு விழும். துணி போட்டு மூடி நாலு மணி நேரம் வைத்தால் போதும்.

மேல்மாவுக்குப் பச்சரிசி கால் கிலோவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை அளந்து விட்டு மைய அரை. உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். தோசை மாவைவிடக் கெட்டி: விரலை முக்கி எடுத்தால் விரலின் நிறம் தெரியக் கூடாது. மூன்று உருண்டையையும் ஒன்றாகப் பிடித்து முக்கி, எண்ணெயில் மெதுவாக நழுவ விடு. விட்ட உடனே கரண்டி போடாதே, கொத்து பிரிந்துவிடும். ஓரம் வெந்து, குமிழ் அடங்கின பிறகு திருப்பு. மஞ்சள் நிறத்திலேயே எடுத்துவிட வேண்டும், உள்ளே இருப்பது எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான். எங்காவது மேல்மாவு பிடிக்காமல் விட்டால் அந்த வழியாகப் பூரணம் வெளியே வந்து எண்ணெய் கறுக்கும். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு வடிகட்டிவிட்டுத் தொடரு. அப்படியே தொடர்ந்தால் மிச்சக் கொத்தெல்லாம் கசக்கும்.

தேங்காய் எண்ணெயில்தான் சுடணும் என்று மருமகளிடம் பிடிவாதம் பண்ணாதே. அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். உங்கள் வீட்டுக்குள்ளேயே ஆறினதும் பலகாரத்தின்மேல் வெள்ளையாகப் படியும், வாயில் மெழுகு ஒட்டும். கடலை எண்ணெய் போதும். சுட்டதை முழுவதும் ஆறவிட்டு டின்னில் அடை. இளஞ்சூட்டில் மூடினால் மேல்தோல் நமுத்துவிடும். பதமாகச் செய்தது 15, 20 நாள் தாங்கும்.

நட்சத்திரத்தை அட்வென்ட் ஞாயிற்றுக்குள், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிற்றில் முதல் ஞாயிற்றுக்குள், கட்டிவிடு. செடிக்கு முட்டுக்கொடுக்கிற மெல்லிய மூங்கில் குச்சி தோட்டக் கடையில் கிடைக்கும். 60 செ.மீ. நீளத்தில் பத்து, 10 செ.மீ.யில் ஐந்து நறுக்கு. கனம் 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம், வளையாமல் கட்டுத் தெறிக்கும். ஒவ்வொரு நீளக் குச்சியிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளிக் கோடு போடு. நடுவில் 14 நிற்கும். குச்சிகள் ஒன்றை ஒன்று வெட்டுவது அந்தக் கோட்டில்தான் வர வேண்டும். இந்தக் குறி இல்லாமல் கண்மட்டத்துக்குக் கட்டினால் ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாகும். ஒரு நட்சத்திரத்துக்கான ஐந்து நீளக் குச்சியையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பாய் முடைகிற மாதிரி விட்டுக் கட்டு. இப்படி இரண்டு நட்சத்திரம். இரண்டையும் ஐந்து முனையிலும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, உள்ளே குச்சிகள் வெட்டுகிற ஐந்து இடத்திலும் அந்தச் சின்னக் குச்சிகளை முட்டுக்கொடுத்தால் நடு உப்பும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை: இரண்டு ஸ்பூன் மாவு, ஒரு கப் தண்ணீர், கண்ணாடியாகிற வரை காய்ச்சு. இங்கே கரப்பான் அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடுகிற பசையில் வேண்டாம். பட்டம் செய்கிற மெல்லிய காகிதம்தான் வெளிச்சத்தை விடும். ஒட்டிக் காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளி; உலரும்போது சுருக்கம் போய் இழுத்துப் பிடிக்கும். சாயம் ஓடுகிற காகிதமா என்று ஒரு துண்டில் முதலில் பார்த்துக்கொள். கீழ்ப்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு பக்கத்தை ஒட்டாமல் விடு. பழைய 40 வாட் குண்டுபல்பு காகிதத்தைப் பொசுக்கும், 5 வாட் எல்.இ.டி. போதும். இங்கே எல்லாரும் நட்சத்திரத்துக்குப் பாலித்தீன் உறை போடுவது மழைக்குப் பயந்துதான். 2023-இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்ததே, அது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால். உனக்கு அந்தக் கவலை இல்லை, ஜன்னலுக்கு உள்ளே தொங்கவிடு. ஜனவரி 6 வரை எரியட்டும்.

கேரல் வரும் என்று காத்திருக்க அங்கே ஆளில்லை. 24 ராத்திரி நீங்களே இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் படுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராயிருந்தாலும் தட்டில் கொத்து வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பு. பயறு, எள்ளு, தேங்காய் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்கச் சொல்.

முதலூர் மஸ்கோத்து அல்வா அனுப்பவில்லை. தேங்காய்ப்பால் பண்டம், பார்சலில் கிடந்து சிக்கு வாடை அடித்தால் தூரத்தான் போட வேண்டும். கருப்பட்டி ஒரு கிலோவும் பட்டக் காகிதமும் அச்சுமுறுக்கு அச்சும் வைத்திருக்கிறேன். அச்சு இந்த வருஷத்துக்கு இல்லை, கொத்து கைப்பழக்கமான பிறகு பார்க்கலாம். அதுவரை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வை. சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டால் மாவு பிடித்துக்கொண்டு விடவே விடாது.

அன்புடன்,
அம்மா