படகு இல்லப் புதுப்பிப்புப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு,

கேம்பிரிட்ஜில் கேம் நதிக்கரையிலுள்ள நம் கல்லூரிப் படகு இல்லத்தின் பணிகள் நிறைவடைந்துவிட்டன. மதிப்பீட்டுக்கு மேல் செலவானது ஏன், முன்செல்லும் படகைத் துரத்தி முட்டும் லென்ட் பம்ப்ஸ் பந்தயங்களுக்கு நம் அணிகள் பக்கத்துக் கல்லூரியின் தயவில் படகு இறக்க நேர்ந்தது ஏன் என்று கேட்டு வந்த கடிதங்களில் சில கடுமையானவை. இரண்டுக்கும் காரணம் படகு இறக்கும் மேடைதான்.

ஒப்பந்தக்காரர், வெள்ளத்தைக் காரணம் காட்டி, வரைபடத்தில் கண்டதைவிட மேடையின் விளிம்பை உயர்த்திக் கட்டிவிட்டார். விசைப்படகுக்கு அது குறையாகாது. எட்டுத் துடுப்புப் பந்தயப் படகோ ஏறத்தாழ 18 மீட்டர் நீளமும் ஓர் ஆள் உட்காருமளவு அகலமும் மட்டுமே கொண்டது. துடுப்புகளைத் தாங்கும் ரிக்கர்கள் அதன் இருபுறமும் நீண்டு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்பவை. படகு கரையணையும்போது அவை மேடைக்கு மேலாக வர வேண்டும். விளிம்பு உயர்ந்தால் ரிக்கர் கல்லில் மோதும். துடுப்பலகுகளை மேடைமீது கிடத்திப் படகை ஆடாமல் நிறுத்தவும் வழியில்லை. மேலும், ஜீசஸ் லாக், பெய்ட்ஸ் பைட் லாக் என்னும் இரு நீரடைப்புகளுக்கு இடைப்பட்ட நம் நீர்ப்பரப்பின் மட்டத்தை மதகுகளே பெரிதும் காக்கின்றன. என்றேனும் வெள்ளம் வந்தால் மேடை மூழ்கட்டும், வடிந்ததும் கழுவிக்கொள்கிறோம் என்று பணி தொடங்குமுன்பே எழுத்தில் தெரிவித்திருந்தோம்.

இடித்துக் கட்டக் கூடுதல் தொகை கேட்டார்; மறுத்தோம்; ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இறுதியில் செலவில் பாதியை ஏற்றோம். வழக்காடியிருந்தால் வென்றிருப்போம் என்றே குழு இன்றும் கருதுகிறது. ஆனால் தீர்ப்பு வரும்வரை மேடை அப்படியே கிடந்திருக்கும். ஜூனில் நடக்கும் மே பம்ப்ஸ் பந்தயங்களும் கைநழுவியிருக்கும். பாதிச் செலவை ஏற்றதைக் கோழைத்தனம் என்று எழுதிய உறுப்பினர், வெறும் படகோடு கரையில் நிற்கும் அணிக்கு என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அறிய விரும்புகிறோம்.

கூரை ஓடுகள், மின்கம்பிகள், படகு அடுக்குகள், பெண்கள் உடைமாற்று அறை ஆகியவை குறித்த காலத்தில் முடிந்தன.

1974இல் மே பம்ப்ஸில் பெண்கள் முதன்முறையாகப் போட்டியிட்டபோது நமக்காகத் துடுப்பு வலித்தவர்கள், 1961, 1968, 1983ஆம் ஆண்டுகளின் முதல்நிலைப் படகு அணியினர், இரண்டு முன்னாள் பயிற்சியாளர்களின் குடும்பத்தினர், பெயர் வேண்டாம் என்ற மூவர், படகு பழுதுபார்ப்பவர், கல்லூரிச் சமையற்கூடப் பணியாளர்கள் ஆகியோரின் நன்கொடைகளுக்கு நன்றி. தணிக்கை செய்த கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும்.

பழைய வெற்றித் துடுப்புகளைச் சுவரில் மீண்டும் மாட்டும் செலவு இக்கணக்கில் இல்லை. அதற்கு நிதி திரட்டப் பொதுக்குழு வேறு ஆட்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
கட்டடக் குழு