வெள்ளத்துக்குப் பின் வந்த கிறிஸ்து பிறப்புப் பண்டிகை: உதவிய அனைவருக்கும் எங்கள் சபையின் நன்றி மடல்

அன்பும் மதிப்பும் உடையீர்,

தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூர்ச் சபையின் சார்பில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறோம். உதவியவர்களில் பலர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இன்னும் பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஒருவர் பெயரையும் எழுதாமல், வந்தவர்கள் செய்ததை மட்டும் எழுதுவது என்று சபைமன்றம் தீர்மானித்தது.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் நாட்களில் அது மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சிக்குரிய ஞாயிறு என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். அன்று தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆற்றில் வெள்ளம் வருவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் தண்ணீர் திறந்தால், எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி எப்போது எங்களிடம் வரும் என்பதைப் பெரியவர்கள் கணக்காகவே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கு மலையில் பெய்யும் மழைக்கானது. இம்முறை மலையிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் கொட்டியதால், விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீரை ஆறு சுமந்து வந்த அதே இரவில் குளங்களும் உடைந்தன. ஆறு முன்னால் வரும் என்று பார்த்திருந்தவர்களுக்குக் குளம் பின்னால் வந்தது.

வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் போயின. பிசானப் பருவ நெல்லுக்கு நட்டிருந்த நாற்று மணலுக்கடியில் போயிற்று. ஏரல் பாலம் சேதமடைந்து அக்கரைத் தொடர்பு அறுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத நிலையில், நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்பது சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எச்சரிக்கையை யார் எப்போது சொன்னார்கள், யார் கேட்கவில்லை என்ற வாதம் செய்தித்தாள்களில் நடந்து முடிந்துவிட்டது. அதை இங்கே மறுபடி எழுப்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

முதலில் நன்றி சொல்ல வேண்டியது கடற்கரையிலிருந்து வந்த மீனவச் சகோதரர்களுக்கு. எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், வள்ளங்களை லாரியில் ஏற்றி, சாலை எதுவரை இருந்ததோ அதுவரை கொண்டுவந்து இறக்கி, மூழ்கிய வயல்களின் மேலேயே ஓட்டி வந்தார்கள். வாழைத் தோட்டத்தின் மேல் வள்ளம் ஓட்டுவது கடலில் ஓட்டுவதைவிடக் கடினம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். சாய்ந்த மரங்களும் அறுந்த மின்கம்பிகளும் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்தன. மாடிகளிலும் ஆலயத்தின் மேல்தளத்திலும் நின்ற எங்களில் முதியோரையும் கைக்குழந்தைக்காரர்களையும் முதலில் ஏற்றினார்கள். 1542இல் புனித சவேரியார் வந்து இறங்கியபோதே திருமுழுக்குப் பெற்றிருந்த சமூகம் அது. ஆற்றங்கரைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் நெடுங்காலம் கழித்து, வேறு சபையில் விசுவாசத்துக்கு வந்தவர்கள். கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்று நாங்கள் தனித்தனியே ஜெபித்துவந்திருக்கிறோம். ஒருவர் ஆலயத்துக்குள் மற்றவர் கால்வைத்தது பெரும்பாலும் கல்யாண வீட்டுக்காகத்தான் இருக்கும். அந்தத் தூரம் ஓர் இரவில் குறைந்ததை எங்கள் சேகரகுரு பண்டிகைப் பிரசங்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

அடுத்து, பக்கத்து ஊர் ஜமாஅத்தாருக்கு. அவர்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது; அவர்கள் கடைகளிலும் சரக்கு அழுகியது. ஆனாலும் மேட்டில் இருந்த பள்ளிவாசலை எங்களுக்குத் திறந்துவிட்டு, பெண்களுக்கு மாடியைத் தனியே ஒதுக்கி, ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினார்கள். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டே கீர்த்தனை பாடியதை அவர்கள் பொறுத்துக்கொண்டதற்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும்!

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நடந்ததை நாடே அறியும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போனதால் ஏறத்தாழ 800 பயணிகளோடு அங்கே நின்றுவிட்டது. முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். வானூர்தி உணவு கொண்டுவருவதற்கு முன்பே, புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த அரிசியைச் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள். 19ஆம் தேதி மீட்கப்பட்டு வாஞ்சி மணியாச்சி வழியே பயணிகள் ஊர் திரும்பும்வரை அந்த மக்கள் ஓயவில்லை. அவர்கள் எங்களுக்குச் செய்த உதவி அல்ல அது. ஆயினும் இந்த மடலில் அதைச் சேர்க்காமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் அந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான் அழுகையை நிறுத்தி, நாமும் ஏதாவது செய்யலாம் என்று எழுந்தார்கள்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், ராணுவத்தினர், தீயணைப்பு வீரர்கள், மின்வாரியத் தொழிலாளர்கள், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோருக்கும் எங்கள் வணக்கம். பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்களும் தூய்மைப் பணியாளர்களும் தங்கள் வீட்டுப் பண்டிகையையோ விடுமுறையையோ விட்டுவிட்டு எங்கள் சேற்றில் நின்றார்கள். சென்னையிலிருந்து பால்பவுடரும் போர்வையும் அனுப்பியவர்களை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது; அதே மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலில் அவர்களே மூழ்கியிருந்தார்கள். அனுப்பிய மூட்டை ஒன்றில், தங்களுக்கு வந்த நிவாரணத்தில் மீந்தது இது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இனி, பண்டிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு பண்டிகை வேண்டுமா என்ற கேள்வி வெள்ளத்துக்கு முன்பே எங்கள் வாலிபர் சங்கத்தில் எழுந்திருந்தது. மே 3 முதல் மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது. ஆலயங்களும் வீடுகளும் சாம்பலானதைக் கைபேசியில் பார்த்த இளைஞர்கள், நட்சத்திரம் கட்டுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்டார்கள். அக்டோபருக்குப் பிறகு காசாவிலிருந்து ஒவ்வொரு நாளும் குழந்தைகளின் படங்கள் வந்தன. எருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் ஆடம்பரக் கொண்டாட்டங்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். இயேசு பிறந்த பெத்லகேமிலேயே விளக்கு அலங்காரமும் பெரிய மரமும் இல்லை. அங்குள்ள லுத்தரன் ஆலயத்தில், பாலகனைத் தொழுவத்தில் வைக்காமல், இடிந்த கட்டடத்தின் கற்குவியலில், பாலஸ்தீனத் துண்டால் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். அந்தப் படத்தை எங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது சிலர் முகம் சுளித்தார்கள், பண்டிகைக் காலத்தில் ஏன் இந்தத் துக்கம் என்று. ஒரு வாரத்தில் எங்கள் வீட்டுச் சுவர்களே சரிந்து கிடந்தன. அதற்குப் பிறகு அந்தப் படத்தை எவரும் குறை சொல்லவில்லை.

அந்த இளைஞர்களுக்கு எங்கள் மூத்தவர்களிடம் உண்மையில் பதில் இல்லை. நிலைமை சீக்கிரம் சீராகும் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லாதபோது அப்படிச் சொல்வது பொய்தான். கிறிஸ்தவ நம்பிக்கைக்கு அந்தப் பொய் தேவையுமில்லை. லூக்கா எழுதிய இயேசு பிறப்பின் வரலாறு ஒரு பேரரசனின் குடிமதிப்புக் கட்டளையில் தொடங்குகிறது. அந்தக் கட்டளையால் ஊர்விட்டு ஊர் போன ஏழைக் குடும்பத்துக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. மத்தேயு சொல்கிறபடி, பிறகு அவர்கள் எகிப்துக்கே தப்பியோட வேண்டியதாயிற்று. அகுஸ்து ராயனின் ஆட்சி அந்த இரவில் மாறிவிடவில்லை, ஏரோதின் வாளும் உறைக்குள் போய்விடவில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே தேவன் வந்தார் என்பதே நாங்கள் அறிக்கையிடும் செய்தி. இதை எத்தனையோ பண்டிகைகளில் கேட்டிருக்கிறோம். வள்ளம் வந்து நின்றபோதுதான், நடுவே வருவது என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கிற்று. வந்தவர்கள் வெள்ளத்தை நிறுத்தவில்லை. போன வாழையை மீட்டுத் தரவும் இல்லை. அவர்கள் வந்தார்கள், இறங்கினார்கள், எங்களோடு நனைந்தார்கள். எங்கள் இளைஞர்களின் கேள்விக்கு உங்களால்தான் ஓரளவு பதில் கிடைத்தது. இந்த நன்றி மடலின் உள்ளடக்கம் அதுவே.

ஆகவே 25ஆம் தேதி அதிகாலை ஆராதனையை நடத்தினோம். கீத பவனி போகவில்லை, புத்தாடை இல்லை, முந்திரிக்கொத்தும் அதிரசமும் எந்த வீட்டிலும் சுடவில்லை. பாய்கள் போயிருந்ததால் கழுவிய தரையிலேயே உட்கார்ந்தோம். இருளில் நடக்கிற ஜனங்களைப் பற்றிய ஏசாயாவின் 9ஆம் அதிகாரத்தை, மின்சாரம் நிலையாக வராத ஓர் ஊரில், பள்ளி மாணவி ஒருத்தி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்தாள். அன்றைய காணிக்கை மணிப்பூரிலும் காசாவிலும் துன்பப்படுவோருக்கு என்று அறிவித்தபோது, நமக்கே ஒன்றுமில்லையே என்று ஒருவராவது எதிர்ப்பார் என எண்ணினோம். ஒருவரும் எதிர்க்கவில்லை. தொகை சிறியது, அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. வாங்கியவர்கள் கொடுக்கவும் வேண்டும் என்ற முறையைச் சென்னை நண்பர்களிடம் கற்றுக்கொண்டோம், அவ்வளவே.

அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணத்தைப் பெறுவதில் எங்கள் மக்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த கல்லூரி மாணவர்களுக்கும், நனைந்துபோன குடும்ப அட்டைகளையும் பத்திரங்களையும் பிரித்து உலர்த்திக் கொடுத்த ஆசிரியர்களுக்கும், சேற்றுப்புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் கட்டணமின்றி மருத்துவம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. கால்நடை மருத்துவர்களை மறந்தால் எங்கள் ஆடுகளே எங்களை மன்னிக்காது.

வந்த பணத்துக்கும் பொருளுக்கும் உரிய கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. யாரும் வந்து பார்க்கலாம், கேட்கலாம். மீந்த போர்வைகளையும் அரிசியையும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்னும் முகாமில் இருக்கும் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு பெரிய அண்டாக்களும் ஒரு துடுப்பும் உரியவரைத் தேடி ஆலயக் கிடங்கில் இருக்கின்றன. வரும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனத்துக்கு உங்கள் அனைவரையும் குடும்பத்தோடு அழைக்கிறோம். அசனத்துக்கு அரிசி போட முடியாத குடும்பங்கள் இந்த ஆண்டு எங்களிடையே பல உண்டு. இருந்தாலும் பந்தியில் உங்களுக்கு முதல் வரிசை என்று இப்போதே முடிவு செய்துவிட்டோம். துடுப்புக்கு உரியவர் கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
சபைமன்றத்தாருக்காக,
சபைச் செயலர்
ஜனவரி 2024