பிடித்தவர் மட்டுமல்லர், வழக்கைக் கட்டியவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சி.பி.ஐ.யின் ஓய்வுபெற்ற அதிகாரி கே.ரகோத்தமன் 2021 மே 12 அன்று கொரோனாவால் காலமான செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். புதிய ஆட்சி, முழு ஊரடங்கு, ஆக்சிஜன் படுக்கைக்கு அலையும் குடும்பங்கள் என்று செய்திகள் நெருக்கியடித்த வாரம் அது. அவருக்குச் சிறிய இடம்தான் கிடைக்கும் என்பது புரிகிறது. ஆனால் அந்த இடத்திலும் ‘ராஜீவ் கொலையாளிகளைப் பிடித்தவர்’ என்ற ஒரு வரியோடு முடித்திருக்க வேண்டாம்.

பிடித்தது ஒரு பெரிய குழு. டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையில் சென்னை ‘மல்லிகை’ கட்டடத்தில் இயங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவில் பலர் இருந்தார்கள். தலைமைப் புலனாய்வு அதிகாரி என்ற முறையில் ரகோத்தமன் தலையில் விழுந்தது வேறு வேலை. கிடைத்ததையெல்லாம் நீதிமன்றத்தில் நிற்கும் வழக்காக மாற்றுவது. நான் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வழக்கோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் கட்டுக் கட்டான காகிதத்தின் அருமை தெரிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பில் இறந்துகிடந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராதான் துப்புத் துலக்கியது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மாலையோடு நிற்கும் மனித வெடிகுண்டு தணு, கையில் குறிப்பேட்டோடு பத்திரிகையாளர் போல நிற்கும் கொலைக் குழுத் தலைவன் சிவராசன் என அந்தப் படங்களைப் பார்க்காத தமிழர் குறைவு. சந்தன மாலை வாங்கியதற்கான பூம்புகார் கடை ரசீதும் கிடைத்தது. ஆனால் படமும் ரசீதும் தாமாகச் சாட்சி சொல்லிவிடாது. கேமராவைக் கைப்பற்றியவர் யார், பிலிமைக் கழுவியவர் யார், படத்தில் இருப்பவர் இன்னார் என்று எந்தச் சாட்சி கூண்டில் ஏறிச் சொல்லப்போகிறார், ரசீதை எழுதிய கை யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும், கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜர் வேண்டும், தேதி பொருந்த வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். அதில் தவறும் இல்லை. அது அவர் கடமை.

கொலை நடந்து ஓராண்டு நிறைவதற்கு முதல் நாள், 1992 மே 20-இல், 41 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்களில் 12 பேர் இறந்துவிட்டவர்கள், மூவர் தலைமறைவு. எஞ்சிய 26 பேர் மீது, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் பூந்தமல்லியில் இயங்கிய நீதிமன்றத்தில் மூடிய அறைக்குள் விசாரணை நடந்தது. 288 சாட்சிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். 1998 ஜனவரி 28-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே, மே 11-இல், உச்ச நீதிமன்றம் இது தடாச் சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது. 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

கீழே முழுதாக வென்ற வழக்கு மேலே போய் இப்படி ஆனால், விசாரணை அதிகாரிகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு கோயில் குளம் என்று போய்விடுவார்கள். ரகோத்தமன் போகவில்லை. தொலைக்காட்சிக்கு வந்தார், பேட்டி கொடுத்தார், தமிழிலேயே ஒரு நூலும் எழுதினார். அன்று ஸ்ரீபெரும்புதூரில் எடுக்கப்பட்ட வீடியோ ஒன்று உளவுத்துறையின் கைக்குப் போய், புலனாய்வுக் குழுவுக்கு வராமலே மறைக்கப்பட்டது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அரசின் மற்றோர் அங்கத்தை நோக்கி இப்படி விரல் நீட்ட ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் துணிச்சல் வேண்டும்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. காவல் கண்காணிப்பாளர் முன் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்ற தடாச் சட்டப் பிரிவு எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. தண்டனை பெற்றவர்களில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தை அவர் சொன்னபடியே முழுமையாக எழுதவில்லை என்று, அதைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜனே 2013-இல் கூறிய பிறகு அந்த உறுத்தல் கூடியது. தண்டனை உறுதியான அந்த ஏழு பேரின் விடுதலை ரகோத்தமன் இறந்தபோது முடிவாகாமல் குடியரசுத் தலைவர் வரை போயிருந்தது; 2022-இல்தான் அவர்கள் விடுதலையானார்கள். இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்க நமக்கு எதிரே ரகோத்தமன் என்ற ஓர் ஆள் இருந்தார். அவரோடு மல்லுக்கட்ட முடிந்தது. அதைத்தான் இழந்திருக்கிறோம்.

2021 மே 21-ஆம் தேதியோடு அந்தச் சம்பவத்துக்கு முப்பது ஆண்டு நிறைந்தது. ஒவ்வொரு மே 21-க்கும் வழக்கம்போல அதே பழைய படங்களைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் அச்சிடும். தாங்கள் வேறொன்று செய்யலாம். மல்லிகையில் பணியாற்றிய ஆய்வாளர்கள், சுருக்கெழுத்தர்கள், பூந்தமல்லி நீதிமன்ற ஊழியர்கள், குண்டுவெடிப்பில் காயமடைந்து பிழைத்த காவலர்கள் ஆகியோரில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப்பிடித்துப் பேசவையுங்கள். நேரில் போக முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேசலாம். ஒரே நாளில் முடியாது; வாரம் ஒருவராக வெளியிட்டாலும் போதும். அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர்,
காஞ்சிபுரம்.