டிவிடி பூட்டும் திறமூல மென்பொருளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசு கொடுத்து வாங்கிய டிவிடியை உபுண்டு என்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) இயங்குதளம் கொண்ட கணினியில் போட்டால் பல நேரம் படம் ஓடாது. வட்டில் பழுதில்லை. நகல் எடுப்பதைத் தடுக்க டிவிடியில் போடப்படும், 40 பிட் சாவி கொண்ட சிஎஸ்எஸ் என்ற குறியாக்கப் பூட்டுதான் காரணம். அதைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நிரலை, சட்டச் சிக்கல் கருதி, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளம் தன் தொகுப்பில் வைப்பதில்லை. பதிலாக 'லிப்டிவிடி-பிகேஜி' என்ற உதவித் தொகுப்பை நிறுவி, பிறகு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளை கொடுத்தால் அந்த நிரலின் மூலநிரல் இறங்கி நம் கணினியிலேயே கம்பைல் ஆகும் (இயங்கும் நிரலாக மாறும்). ஒரு படம் பார்க்க இத்தனை சுற்று!

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. நோக்கத்தைப் பார்ப்பதால் இத்தகைய பூட்டை உடைப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1998 சட்டத்துக்கு (டிஎம்சிஏ) இது எவ்வளவோ தேவலை. இடிப்பது நம் 65ஏ பிரிவின் ஒரு நிபந்தனை: சட்டம் தடுக்காத காரியத்துக்காக ஒருவர் பூட்டைத் திறக்க உதவுகிறவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். நிறுவனம் பதிவேடு போட்டுவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூலநிரலை வெளியிடுகிறவர் யாரிடம் முகவரி கேட்பார்?

மூலநிரல் வெளியிடுவோருக்கு இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு வேண்டும். கடலூர், புதுச்சேரி எம்.பி.க்கள் இதை மக்களவையில் எழுப்பலாம்.

- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்